வன்னியில் நாய் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஊருக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட வருகிற நாட்களில் நாய்களைப் பிடித்துக் கொடுக்கிற வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். கிளிநொச்சிப் பக்கம், ஏ9 வீதியில் இருந்து உள்ளே போகிற கிராமங்கள். ஒரு நாயைக் கையில் பிடித்தவுடனேயே அந்த வீட்டில் எது விடுபட்டிருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். பாசத்துக்குக் குறை இருக்காது, வரிசைதான் பிழைத்திருக்கும். முதல் நாள் குட்டி வரும், இரண்டாம் நாள் மணி கட்டிய கழுத்துப் பட்டி வரும், பூச்சி மருந்து மூன்றாம் மாதம், தடுப்பூசி யாரையாவது கடித்த பிறகு. கீழே இருப்பது நான் சொல்லிக் கொடுக்கிற வரிசை.

1. குட்டி வருவதற்கு முன், வீட்டில் பேசி முடிக்க வேண்டியது

நாய் பத்து, பன்னிரண்டு வருடம் இருக்கும். இன்று குட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிற பத்து வயதுப் பிள்ளை, அந்த நாய் கிழடாகும்போது படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போயிருக்கும். ஆகவே பிள்ளை கேட்கிறது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். வீட்டில் நிரந்தரமாக இருக்கப் போகிற ஒரு பெரியவர் "நான் பார்க்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் இப்போதைக்கு வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் கலியாணம், மூன்று நாள் வீடு பூட்டு. யார் சோறு வைப்பார்கள்? இதற்கும் முன்னரே ஒரு பக்கத்து வீட்டு ஆள் வேண்டும். பசித்த நாய் வேலி பிரித்துப் போய்ப் பக்கத்து வளவுக் கோழியைப் பிடிக்கும். ஒரு தடவை பிடித்துப் பழகினால் மறக்கச் செய்வது பெரும்பாடு, அயலவர் உறவும் அதோடு கெடும்.

2. வளவைப் பாருங்கள்

முதலில் கிணறு. எங்கள் பக்கம் கட்டில்லாத கிணறுகளும், பாதி வெட்டி விட்ட குழிகளும் இன்னும் இருக்கின்றன. ஓடி விளையாடுகிற குட்டிக்கு விளிம்பு தெரியாது. கட்டுக் கட்ட இப்போது வசதி இல்லாவிட்டால், நான்கு கதியால் நட்டு, குட்டி நுழைய முடியாதபடி அடியில் நெருக்கமாகப் பழைய வலை கட்டினாலும் போதும்.

அடுத்தது வேலியும் படலையும். பெரிய நாய் தாவுமா என்று எல்லோரும் யோசிக்கிறார்கள், குட்டி அடியால் நுழையுமா என்று யாரும் பார்ப்பதில்லை. படலைக்கும் நிலத்துக்கும் நடுவே உங்கள் கை விரித்து நுழைந்தால் குட்டியும் நுழையும். வீதியோரத்து வீடென்றால் இந்த இடைவெளிதான் குட்டியின் உயிர்.

மூன்றாவது நிழல். தகரக் கூட்டுக்குள் வைகாசி, ஆனி வெயிலில் நாயை அடைத்தால் அது அவியும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, வாயால் இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. வேம்போ மாவோ இருந்தால் அதன் கீழே கிடுகு வேய்ந்த சின்னக் கொட்டில் போதும். மாரியில் வெள்ளம் நிற்காத மேடாகவும் அந்த இடம் இருக்க வேண்டும்.

வயலில் விசிறுகிற மருந்துப் போத்தல்கள், எலி நஞ்சு, வெறும் மருந்துப் பைகள் எல்லாவற்றையும் உயரத்தில் வையுங்கள். காலபோகம் தொடங்கும்போது நஞ்சு தின்ற நாய்களைப் பற்றிக் கேள்விப்படுவேன். பெரும்பாலும் சொந்த வீட்டு நஞ்சுதான்.

3. எந்தக் குட்டி, எந்த வயதில்

எட்டுக் கிழமை ஆகும் வரை தாயோடு விடுங்கள். அதற்கு முன் பிரித்தால் குட்டி நலிந்துபோகும், அதோடு இன்னொன்றும் நடக்கும். கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான் "இவ்வளவு கடித்தால் நோகும்" என்பதைக் குட்டி கற்கிறது. நாலு கிழமையில் தூக்கி வந்த குட்டிகள் வளர்ந்த பிறகும் கையைக் கவ்வுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாயைப் பார்த்து எடுங்கள். தாய் ஆளைக் கண்டு நடுங்கினால், அல்லது சொறி பிடித்து மெலிந்திருந்தால், குட்டிக்குக் கூடுதல் கவனம் தேவை என்று தெரிந்துகொண்டு எடுங்கள். கண்ணில் பீளை, தொடர்ந்த வயிற்றோட்டம், எழும்பாமல் படுத்தே கிடப்பது, இவை இருந்தால் வீட்டுக்குப் போகாமல் நேரே கால்நடை வைத்தியரிடம் போங்கள்.

பெட்டைக் குட்டியை ஒதுக்காதீர்கள். சந்தையடியிலும் கோயில் வாசலிலும் காட்டுப் பாதையிலும் உரப்பைக்குள் கட்டி விடப்படுவதில் பெரும்பங்கு பெட்டைக் குட்டிகள்தான். காவலுக்குப் பெட்டை கடுவனுக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. குட்டி போடும் என்ற ஒரே பயத்துக்கு வழி ஒன்பதாம் படியில் இருக்கிறது.

4. முதல் கிழமை: பூச்சி மருந்தும் ஒரு கொப்பியும்

தாய்க்குப் பூச்சி இருந்தால் வயிற்றிலேயே குட்டிக்கும் வந்துவிடும், பாலாலும் வரும். அதனால் பார்வைக்குக் கொழுகொழு என்று இருந்தாலும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். வயிறு மட்டும் பானை மாதிரி ஊதி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் அது கொழுப்பு இல்லை, பூச்சி.

மருந்து குட்டியின் நிறைக்கு ஏற்றது. பிள்ளைகளுக்கு வாங்கிய பூச்சிக் குளிசையைப் பாதி உடைத்துக் கொடுக்க வேண்டாம். குட்டியை ஒரு பையில் வைத்துத் தராசில் நிறுத்து, நிறையைச் சொல்லி வைத்தியரிடம் வாங்குங்கள். மூன்று மாதம் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. நாயின் மலத்தில் போகிற முட்டைகள் மண்ணில் கிடக்கும், வெறுங்காலோடு விளையாடுகிற பிள்ளைகளுக்கும் அந்தப் பூச்சிகள் தொற்றும். ஆகவே மலத்தை அன்றன்றே மண்வெட்டியால் அள்ளி, கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் தள்ளிப் புதையுங்கள்.

கொப்பி எதற்கு என்றால், என்ன மருந்து, எந்தத் திகதி, எவ்வளவு நிறை என்று எழுதுவதற்கு. ஊசி நாளில் "போன வருடம் போட்டதா?" என்று கேட்டால் பாதிப் பேர் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு பழைய பாடசாலைக் கொப்பி போதும்.

5. தடுப்பூசிகள் இரண்டு வகை, இரண்டும் தேவை

இங்கேதான் குழப்பம் அதிகம். ஊருக்கு வந்து இலவசமாகப் போடுவது விசர்நாய்க்கடி வராமல் தடுக்கிற ஊசி. அதைப் போட்டுவிட்டு "எங்கள் நாய்க்கு எல்லா ஊசியும் முடிந்தது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்குத் தனி ஊசி. அதைக் கால்நடை வைத்தியரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். பார்வோ வந்தால் குட்டி இரத்தமாகக் கழியும், தண்ணீர் குடித்தாலும் வாந்தி எடுக்கும், ஓரிரு நாளில் போய்விடவும் கூடும்.

அந்த ஊசியை ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமை இடைவெளியில், பதினாறு கிழமை ஆகும் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஏன் இத்தனை தடவை? தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அந்தச் சக்தி எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றோடு நிறுத்தினால் அது வீணாகிற வாய்ப்பு அதிகம்.

விசர்நாய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, பிறகு வருடம் ஒருமுறை தொடருங்கள். ஊரில் விசர் நடமாட்டம் இருப்பதால் குட்டியிலேயே போட்டிருந்தால், மூன்று மாதத்துக்குப் பிறகு திரும்பவும் போட வேண்டும். போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, மூன்று நான்கு கிழமையாவது எடுக்கும். அதுவரை ஊர் நாய்களோடு திரிய விடாதீர்கள். காட்டோரத்து வீடுகளுக்கு நரியும் கீரியும் வரும், அவற்றாலும் இது பரவும். மாட்டுக்கும் வரும். மாடு வைத்திருப்பவர்களுக்கு நாயின் ஊசி தொழுவத்துக்கும் காவல்.

ஊசி நாளுக்கு வரும்போது நாயைக் கயிற்றில் பழக்கிக் கொண்டுவாருங்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கயிறு போட்டால் அது மிரண்டு உங்களையே கடிக்கும். ஒரு கிழமைக்கு முன்பே தினமும் பத்து நிமிடம் கயிற்றோடு நடத்திப் பாருங்கள். நாயை நன்றாகப் பழகிய பெரியவர் கொண்டுவர வேண்டும், பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

தடுப்பூசி அட்டையை வாங்கியதும் பொலித்தீனில் போட்டுக் கொப்பியோடு வையுங்கள். பிரதேச சபையில் நாயைப் பதிவு செய்ய அது தேவைப்படும். பதிவு வருடா வருடம் செய்ய வேண்டியது. நாய் தொலைந்தாலும், யாரையாவது கடித்ததாகப் பேச்சு வந்தாலும், அது உங்களுடையது, ஊசி போட்டது என்று காட்டக் கையில் இருப்பது அந்த இரண்டு கடதாசிதான்.

6. பட்டியும் சங்கிலியும்

ஒருமுறை எட்டு மாதக் கடுவன் ஒன்றைப் பிடித்தபோது கழுத்து மயிர் ஈரமாக இருந்தது, நாற்றமும் அடித்தது. சண்டையில் பட்ட காயம் என்றார் வீட்டுக்காரர். மயிரை விலக்கிப் பார்த்தால் புண்ணின் அடியில் நீல நிறமாக ஏதோ தெரிந்தது. நைலோன் கயிறு. குட்டியில் மணி கோத்துக் கட்டியது. மணி விழுந்ததும் கயிறும் அறுந்து விழுந்துவிட்டதென்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். கழுத்து பெருக்கப் பெருக்கக் கயிறு சதைக்குள் இறங்கிவிட்டது. வைத்தியர் விறைப்பு ஊசி போட்டுத்தான் அதை வெட்டி எடுத்தார். அந்த வீட்டு அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே மெல்லிய கயிறு வேண்டவே வேண்டாம். அகலமான, துளை மாற்றக்கூடிய பட்டி வாங்குங்கள். கட்டிய பிறகு உங்கள் இரண்டு விரல் தாராளமாக உள்ளே போக வேண்டும். குட்டி வளரும் ஆறேழு மாதமும் கிழமைக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், விரலை விட்டுப் பாருங்கள்.

நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கிற நாய்க்குக் கோபம் ஏறும். நல்ல காவல் என்று நாங்கள் நினைக்கிறோம், அது அடைபட்ட வெறி. அறுத்துக்கொண்டு ஓடுகிற நாளில் முன்னால் நிற்பவரைக் கடிக்கும். வேலி சரியென்றால் கட்டவே தேவையில்லை. கட்டத்தான் வேண்டுமென்றால் நீளச் சங்கிலி, நிழல், தண்ணீர் எட்டும் தூரம். வேலியோரம் கட்ட வேண்டாம். தாவி மறுபக்கம் தொங்கிச் செத்த நாய்கள் உண்டு.

7. சாப்பாடும் தண்ணீரும்

குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக, பெரியதற்கு இரண்டு தடவை. சோற்றோடு அவித்த குளத்து மீன், முட்டை, ஈரல், மரக்கறி என்று எது இருக்கிறதோ அது. உப்பும் தூளும் போடுவதற்கு முன் நாயின் பங்கை எடுத்து வைத்தால் வேலை சுலபம். வெறும் சோறும் குழம்புத் தண்ணீரும் மட்டும் போட்டால் மயிர் கொட்டும், புண் ஆறாது.

அவித்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், போடாதீர்கள். வெங்காயம், சொக்லேட், பொங்கலுக்குப் போடுகிற பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) மூன்றும் நாய்க்கு நஞ்சு. காய்ச்சல் என்று நீங்களாகப் பனடோல் கொடுப்பதும் கூடாது.

தண்ணீருக்குக் கனமான சட்டி, தட்டி விழாதது. காலையும் மாலையும் கழுவி மாற்றுங்கள். குளத்தில் போய்க் குடிக்கட்டும் என்று விடாதீர்கள், எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது.

8. உண்ணி, தெள்ளு, சொறி

கழிவு ஒயில் பூசாதீர்கள். இதைச் சத்தமாகச் சொல்ல ஆசை. சொறி பிடித்த நாய்க்கு மோட்டார் சைக்கிள் ஒயிலைப் பூசுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. நாய் அதை நக்கும், தோலாலும் உள்ளே போகும், புண் எரியும். சொறி கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சியால் வருவது, வைத்தியர் தரும் மருந்துக்குக் குணமாகும். வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டுவதும் அதே ஆபத்து, சில நாய்கள் அன்று இரவே வலிப்பு வந்து செத்திருக்கின்றன.

உண்ணியைத் தேடுகிற இடம் காதின் உட்புறம், விரல் இடுக்கு, அக்குள். சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுங்கள், சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம். நாயில் இருந்து எடுப்பது பாதி வேலைதான். அது படுக்கிற சாக்கிலும் சுவர் வெடிப்பிலும் உண்ணி முட்டையிடும். சாக்கை எரித்து, வெடிப்பைப் பூசிவிடுங்கள். முரசு (பல் ஈறு) வெளிறி, சாப்பாடு மறுத்து, சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போனால் உண்ணியால் வந்த காய்ச்சலாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் போங்கள்.

9. கருத்தடை

பெட்டை ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் முதல் தடவை பருவத்துக்கு வரும். பிறகு வருடம் இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி சாதாரணம். அத்தனைக்கும் வீடு தேடுகிறவர்களை நான் இன்னும் காணவில்லை. உரப்பை கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆறு மாதமளவில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வது நல்லது. பருவத்துக்கு வந்திருக்கும் நேரத்தில் இரத்தப்போக்குக் கூடும் என்பதால் அது முடிந்து ஓரிரு மாதம் விட்டுச் செய்வார்கள். "ஒரு ஈற்று ஈன்றால்தான் உடம்புக்கு நல்லது" என்று சொல்வார்கள், அதில் உண்மை இல்லை. அரச கால்நடை வைத்தியர் பணிமனையில் கேட்டால் அங்கே செய்வார்களா, முகாம் எப்போது என்று சொல்வார்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பிறகு பத்து, பதினான்கு நாள் காயத்தை நக்காமல், நனையாமல் பாருங்கள். அதனால் அடைமழைக் காலத்தைத் தவிர்ப்பது உத்தமம்.

குட்டி போடாமல் இருக்க ஊசி மட்டும் போட்டுத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊசி தொடர்ந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்துக் கூடும். கடுவனுக்கும் சத்திரசிகிச்சை செய்யலாம். மைல் கணக்கில் பெட்டை தேடி அலைவதும், சண்டையும், வீதியில் அடிபடுவதும் குறையும்.

10. பழக்குவது

எல்லாவற்றுக்கும் முதல், பெயர் சொன்னால் வருவது. சாப்பாட்டு நேரத்தில் பெயரைச் சொல்லி, வந்ததும் ஒரு வாய் கொடுங்கள். வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள், அது ஏற்கெனவே என்ன செய்திருந்தாலும். அடித்தால் கூப்பிட்டால் அடி என்று படித்துக்கொள்ளும்.

கூப்பிட்டால் வருவது எங்கள் ஊரில் உயிர் காக்கிற விடயம். காட்டுக்குள் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியும் கட்டுத்துவக்கும் இருக்கும். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களில் சிவப்பு அடையாளப் பலகை இருக்கும். நாய் அதற்குள் போனால் வெளியில் நின்று கூப்பிடுங்கள். அது போய் வருகிற பாதைதானே என்று பின்னால் நீங்கள் போகக் கூடாது. நாயின் பாரம் வேறு, உங்கள் பாரம் வேறு.

சாப்பிடும் நாயை, தூங்கும் நாயை, குட்டியோடு படுத்த நாயைத் தொடக்கூடாது என்று வீட்டுப் பிள்ளைகளைப் பழக்குவதும் இதில் சேரும்.

11. கடித்துவிட்டால்

உங்கள் நாயோ வேறு நாயோ, வரிசை ஒன்றுதான். கடி, நகக்கீறல், புண்ணில் நாயின் எச்சில் பட்டது, மூன்றும் கணக்கு.

உடனே ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தெரியும். விசர்க் கிருமி காயத்தில் இருக்கும்போதே வெளியேற்றுகிற முக்கிய வழி இது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள், இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

பிறகு அரச வைத்தியசாலைக்குப் போங்கள், ஊசி அங்கே இலவசம். சின்னக் கீறல் என்றோ, குட்டிதானே என்றோ, ஊசி போட்ட நாய் என்றோ வீட்டில் இருந்து முடிவெடுக்காதீர்கள். தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள், எந்த ஊசி எத்தனை என்று அவர் சொல்லட்டும். தொடங்கினால் தந்த திகதிகளில் முழுவதும் போட்டு முடியுங்கள்.

நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டி வைத்துச் சோறும் தண்ணீரும் தூரத்தில் இருந்து தள்ளி, பதினான்கு நாள் பாருங்கள். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். செத்தாலும், காணாமல் போனாலும், குணம் மாறினாலும் உடனே வைத்தியசாலைக்குச் சொல்லுங்கள்.

12. விசர் என்று சந்தேகம் வந்தால்

ஆளைக் கண்டபடி பாய்வது மட்டும் விசர் இல்லை. சாதுவாக மூலையில் ஒதுங்கி, தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் நிற்கிற நாயும் விசர் நாயாக இருக்கலாம். குரைக்கிற சத்தம் கரகரத்து மாறும். இந்த நேரத்தில்தான் "தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது" என்று நினைத்து வாய்க்குள் கையை விடுகிறார்கள். விடாதீர்கள். அறிகுறி வந்த பிறகு நாய்க்கும் மனிதருக்கும் இந்த நோயில் இருந்து மீட்சி இல்லை என்றே சொல்லலாம்.

பிள்ளைகளையும் மற்ற நாய்களையும் வீட்டுக்குள் எடுத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடந்த இரண்டு கிழமையில் அந்த நாய் யாரை நக்கியது, யாரைக் கீறியது என்று கொப்பியில் பெயர் எழுதி, அவர்கள் எல்லோரையும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

நாய் செத்தால் அவசரப்பட்டுப் புதைக்க வேண்டாம். பரிசோதகர் வந்து சொல்லும் வரை வெறுங்கையால் தொடாமல், நாய்களும் காகங்களும் அண்டாதபடி மூடி, நிழலில் வையுங்கள். தலையைக் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிச் சோதிப்பார்கள். வெயிலில் அழுகிவிட்டால் முடிவு கிடைக்காது. நக்கியவர், கீறல் பட்டவர் எல்லோரும் அந்த முடிவுக்காகத்தான் காத்திருப்பார்கள்.